பழுது பார்த்த படலம்

ஒற்றுக்காரர் தானாக விரும்பிப் போய் நிர்வாகக் குழுவில் சேரவில்லை. அவர் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துபவர். அடுத்தவர்கள் விட்டுவிட்ட ஒற்றெழுத்துகளைப் பிடித்து உரிய இடத்தில் உட்கார வைப்பது அவர் பிழைப்பு. மாலையில் களைத்துப் போய் வீடு திரும்பினால், குடியிருப்பின் அறிவிப்புப் பலகை வாசலிலேயே அவரை மறித்துக்கொள்ளும். 'குப்பை கொட்ட கூடாது' என்று எழுதியிருக்கும். போகிற மனிதர் பேசாமல் போக வேண்டியதுதானே? முடியாது, கை அரிக்கும். பேனாவை எடுத்து ஒரு 'க்' போட்டுவிட்டுத்தான் மேலே போவார். அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் அவருக்கு 'ஒற்று சார்' என்று பெயர் வந்தது இப்படித்தான். அந்தப் பெயருக்கு நடுவில் ஒரு 'ச்' வர வேண்டுமா வேண்டாமா என்பதில் அவருக்கே முடிவான கருத்து இல்லை. தூக்கம் வராத நேரங்களில் அதைப் பற்றி யோசிப்பார்.

அவரைக் குழுவுக்குள் தள்ளியது லிப்ட். சரியாகச் சொன்னால், அவர் மனைவியின் இடது கால்.

மனைவி டிரைவிங் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேருக்கு பிரேக் எது என்று காட்டிக் கொடுத்தவர், நடைபாதைக் கல் தடுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். பாதத்திலிருந்து தொடை வரை மாவுக்கட்டு. சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, லிப்டில் ஏற்றி, ஐந்தாம் மாடிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மறுநாள் காலை லிப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. மனைவி மேலே, லிப்ட் நடுவில், ஆஸ்பத்திரி ஊரின் அந்தக் கோடியில்.

டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். குறித்த தேதியில் கட்டைப் பிரித்து முட்டியை மடக்கிப் பழக வேண்டும். தள்ளிப்போட்டால் முட்டி இறுகிவிடும். இறுகிவிட்டால் பிறகு கிளட்ச் மிதிக்க முடியாது.

"கிளட்ச் மிதிக்க முடியலைன்னா நான் என்ன, வீட்டுல உக்காந்து உங்களுக்கு ஒற்று எண்ணிக் கொடுக்கவா?" என்று கேட்டார் மனைவி. நாளெல்லாம் தெருவில் சுற்றிய மனுஷி. இப்போது பால்கனியில் உட்கார்ந்து, பள்ளிக் கார் கீழே போகும்போது ஐந்தாம் மாடியிலிருந்தே, "இண்டிகேட்டர் போடாம எங்க திரும்புற?" என்று சத்தம் போடுவார். கார் போய்விடும். அவர் கம்பியைப் பிடித்தபடி அது திரும்பிய முனையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒற்றுக்காரர் சங்க அலுவலகத்துக்குப் போனார். வீட்டு உரிமையாளர்கள் நலச் சங்கம் என்று பெரிய எழுத்தில் பலகை. அதற்குக் கீழே சின்னதாக இன்னொரு பலகை: 'நிலுவையில் உள்ள புகார்கள்: இல்லை.' உள்ளே மூன்று பேர். தலைவர் ஏதோ ஒரு துறையில் ஏதோ ஒரு பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். துறை மறந்துவிட்டது, பதவி மட்டும் உடம்பில் தங்கிவிட்டது. செயலாளர் டுடோரியல் நடத்துபவர். யார் பேசினாலும் எழுதிக்கொள்வார். மூன்றாமவர் சட்ட ஆலோசகர். அவர் வக்கீல் இல்லை. சொந்த வழக்கு ஒன்றைப் பாதி ஆயுள் நடத்தித் தோற்றவர், அந்த அனுபவத்தில் கொடுத்த பதவி. மூவருக்கும் வீடு தரைத்தளத்தில்.

"லிப்ட் ஓடலைங்க" என்றார் ஒற்றுக்காரர்.

"புகாரா?" என்று கேட்டார் செயலாளர், பேனாவைத் திறக்காமலே.

"ஆமாங்க."

"புகார் வாங்கினா நிலுவை ஆயிடும். பலகையை மாத்தணும். நீங்க குழுவுல சேர்ந்துட்டா அது புகார் இல்ல, ஆலோசனை. ஆலோசனையை உடனே எடுத்துக்கலாம்."

தலைவர் புன்னகை செய்தார். "குறை சொல்றவங்களை உள்ள சேர்த்துக்கறதுதான் நம்ம சங்கத்தோட பலம். வெளியில நின்னு பார்த்தா எல்லாமே குறையாத்தான் தெரியும். உள்ள வந்து உக்காந்துட்டா ஒண்ணுமே தெரியாது."

ஒற்றுக்காரர் உள்ளே வந்து உட்கார்ந்தார். லிப்டுக்காக மனுஷன் எதில் வேண்டுமானாலும் உட்காருவார் அப்போது.

முதல் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதப்பட்டது. அவருக்கே ஆச்சரியம். செயலாளர் எழுதி நீட்டினார்: 'மின்தூக்கியை உடனடியாக பழுது பார்க்கப்படும்.' ஒற்றுக்காரரின் கண் இரண்டு பிழைகளை ஒரே பாய்ச்சலில் பிடித்தது. 'மின்தூக்கியை' தப்பு, 'மின்தூக்கி' என்றிருக்க வேண்டும். 'உடனடியாக' என்பதற்குப் பின்னால் ஒரு 'ப்' வர வேண்டும். இரண்டையும் திருத்தினார். கூட்டம் பாராட்டியது. அந்தப் பாராட்டில் கொஞ்சம் மயங்கி, 'பழுது'க்கும் 'பார்க்கப்படும்' என்பதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்ததை அவர் கவனிக்கவில்லை. சேர்த்து எழுத வேண்டிய சொல்லைப் பிரித்து எழுதியிருந்தார்கள். ஊர் உலகத்தில் எல்லோரும் பிரித்துத்தான் எழுதுகிறார்கள். எல்லோர் வீட்டு லிப்டும் ஓடத்தான் செய்கிறது. ஆனால் எல்லோருக்கும் அந்தச் சட்ட ஆலோசகர் வாய்க்கவில்லை.

அடுத்த கூட்டத்தை மூன்றாவது மாடியில் லிப்ட் வாசலில் வைத்தார்கள். செயலாளர் டார்ச் கொண்டுவந்திருந்தார். கதவை நெம்பித் திறந்து உள்ளே அடித்தார். தலைவர் எட்டிப் பார்த்தார். சட்ட ஆலோசகர் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "பழுதுதான்" என்றார்.

"நீங்களும் பாருங்க" என்று தலைவர் ஒற்றுக்காரரை முன்னால் தள்ளினார். "உறுப்பினர்கள் எல்லாரும் பார்த்தாகணும்."

அவரும் பார்த்தார். இருட்டு, கிரீஸ் நாற்றம், மேலே லிப்டின் அடிப்பக்கம்.

"தெரியுதா?"

"தெரியுதுங்க."

"எல்லாரும் பார்த்தாச்சு" என்றார் தலைவர். செயலாளர் கதவைச் சாத்திவிட்டு எழுதிக்கொண்டார். தலைவர் குரலைக் கனமாக்கிக்கொண்டு பேசத் தொடங்கினார். "மத்த சங்கங்கள்ல என்ன பண்றாங்க? பழுதைப் பார்க்கறதுக்கு வெளியாளைக் கூப்பிடறாங்க. பொறுப்பைத் தட்டிக்கழிக்கறாங்க. நாம அப்படி இல்ல. நம்ம பழுதை நாமே பார்த்தோம். வயசையும் பார்க்காம மூணு மாடி ஏறி வந்து பார்த்தோம். இந்த வேகம் வேற எங்க இருக்கு?"

ஏதோ முன்னோட்டம் போலிருக்கிறது, மெக்கானிக் நாளை வருவார் என்று ஒற்றுக்காரர் நினைத்துக்கொண்டார். நல்ல மனசு.

மறுநாள் மாலை அவர் திரும்பியபோது பலகையில் புதிய அறிவிப்பு தொங்கியது. 'மின்தூக்கி பழுது பார்க்கப்பட்டது. ஒத்துழைப்புக்கு நன்றி.' ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. அவர் லிப்ட் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. படியேறினார்.

ஐந்தாம் மாடியில் லிப்ட் கதவுக்கு முன்னால் மனைவி சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டு, நல்ல புடவை கட்டி, மடியில் எக்ஸ்ரே உறையோடு. பக்கத்து வீட்டுக்காரி அறிவிப்பைப் படித்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறாள். மனைவியின் விரல் இன்னும் பொத்தான் மேலேயே இருந்தது.

"சரியாயிடுச்சுன்னு போட்டிருக்காமே" என்றார். "மதியத்துலேருந்து அமுக்கிட்டிருக்கேன். வந்துரும் வந்துரும்னு."

"சரியாயிடுச்சுன்னு போடலை. பார்த்தாச்சுன்னு போட்டிருக்காங்க" என்றார் ஒற்றுக்காரர்.

"பார்த்தாச்சுன்னா?"

"பார்த்தோம். நானும் பார்த்தேன்."

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று இரவு சாப்பிடவில்லை. ஒற்றுக்காரருக்கும் இறங்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு ஒற்றுக்காரர் இரண்டு அகராதிகளைத் தூக்கிக்கொண்டு போனார். 'பழுதுபார்த்தல்' என்று சேர்த்து எழுதினால் சீர்செய்தல் என்று பொருள். பிரித்து எழுதினால் பழுதைக் கண்ணால் காணுதல் என்றும் ஆகிவிடுகிறது. நாம் எழுத நினைத்தது முன்னது. ஆகவே அந்த இடைவெளியை எடுத்துவிட்டால் போதும் என்று விளக்கினார். வாழ்நாளில் அவர் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

சட்ட ஆலோசகர் கண்ணை மூடிக் கேட்டார். "என் வழக்கு ஏன் தோத்துச்சு தெரியுமா? ஒரு கமா. பத்திரத்துல ஒரு கமா இடம் மாறி விழுந்துச்சு. அன்னையிலேருந்து மனுஷன் என்ன நினைச்சான்னு நான் கேக்கறதே இல்ல. எழுத்துல என்ன இருக்கோ அதுதான். எழுத்துல 'பார்க்கப்படும்'னு இருந்துச்சு. பார்த்தோம். மிச்சம் என்ன?"

"அந்த இடைவெளியை மட்டும் எடுத்துட்டா…"

"எடுக்கறதுக்கு அது யாரு இடம்?" என்று கண்ணைத் திறந்தார். "உங்க இடமா? தலைவர் இடமா? விதிப்படி கட்டடத்துல காலியா இருக்கற இடம் எல்லாம் பொது இடம். பொது இடத்தை அடைக்கணும்னா அத்தனை உரிமையாளரும் கையெழுத்துப் போடணும்."

"அது தாள்ல இருக்கற இடைவெளிங்க."

"தாள் சங்கத்தோடது" என்றார் செயலாளர், எழுதிக்கொண்டே.

அத்தனை உரிமையாளர் என்றால் லேசா? ஒருவர் வெளிநாட்டில். ஒரு வீட்டுக்கு அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் போட்டால் மற்றவன் போடமாட்டான். இரண்டாம் மாடி உரிமையாளர் செத்துப்போய்விட்டார். அவரிடம் எப்படி வாங்குவது என்று ஒற்றுக்காரர் கேட்டதற்கு, "முயற்சியை விடக்கூடாது" என்றார் தலைவர்.

கட்டுப் பிரிக்கவேண்டிய தேதி வந்தது. போயும் விட்டது. ஒற்றுக்காரர் துணிந்து யாரிடமும் சொல்லாமல் லிப்ட் கம்பெனிக்கு போன் போட்டார். மெக்கானிக் பையோடு வந்தார். செயலாளர் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்.

"என்ன வேலையா வந்திருக்கீங்க?"

"லிப்ட் ரிப்பேருங்க."

"பலகையைப் படிங்க."

மெக்கானிக் படித்தார். "பழுது பார்க்கப்பட்டதுன்னு போட்டிருக்கு. அப்ப என்னை எதுக்கு வரச்சொன்னீங்க?"

"அதான் எங்களுக்கும் புரியல" என்றார் செயலாளர். ஒற்றுக்காரர் படியில் தலைதெறிக்க இறங்கி வருவதற்குள் மெக்கானிக் இன்னொரு கட்டடத்துக்குப் போய்விட்டார். செயலாளர் ஒற்றுக்காரரைத் தனியே அழைத்து, ஓர் அண்ணன் தன் தம்பியிடம் பேசுவது போல மெதுவாகச் சொன்னார். "சார், நீங்க இப்ப குழு ஆளு. அவர் உள்ள போய் ரிப்பேர் பண்ணிட்டார்னா நாம ஏற்கெனவே போட்டது பொய்யாயிடாதா? உங்க சங்கத்தை நீங்களே பொய்யாக்கலாமா?" கேட்டுக்கொண்டிருந்தபோது அதில் ஏதோ நியாயம் இருப்பது போலவே ஒற்றுக்காரருக்குத் தோன்றியது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

கடைசியில் மனைவியே முடிவெடுத்தார். "உங்க சங்கம் லிப்டைப் பார்த்துட்டே இருக்கட்டும். நான் படியில போறேன்." அவரிடம் கார் பழகிய ரொட்டிக் கடைக்காரரும் தபால்காரரும் வந்தார்கள். சக்கர நாற்காலி படி வளைவில் திரும்பாது என்பதால், வீட்டு மர நாற்காலி ஒன்றில் அவரை உட்கார வைத்து, துண்டால் கட்டி, ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். ஒற்றுக்காரர் நீட்டிய காலைத் தாங்கிப் பிடித்தபடி பின்பக்கமாகவே இறங்கினார்.

"லெஃப்ட் ஒடி. ஒடின்னா முழுசா ஒடி. அவசரப்படாத, ஹாஃப் கிளட்ச்லயே வா" என்று மனைவி சொல்லிக்கொண்டே வந்தார். ரொட்டிக் கடைக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. தபால்காரர் பழைய பயத்தில் ஒவ்வொரு வளைவிலும் இல்லாத கண்ணாடியைப் பார்த்தார். எப்படியோ கீழே வந்து சேர்ந்தார்கள். எத்தனையோ நாள் கழித்துத் தரையைப் பார்த்ததில் மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது. ஒற்றுக்காரருக்குக் கண் கலங்கியது.

கேட்டில் செயலாளர் நின்றிருந்தார்.

"நாற்காலி வெளிய போகுதே" என்றார்.

"நாற்காலியில ஆள் இருக்குங்க" என்றார் தபால்காரர்.

"ஆளைப் பத்தி விதியில இல்ல. மரச்சாமான் கேட்டைத் தாண்டினா வீடு காலி பண்றதா அர்த்தம். குழு உறுப்பினர் ஒருத்தர் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போடணும்." ஒரு தாளை நீட்டினார். சுற்றுமுற்றும் பார்த்தால், அங்கே இருந்த உறுப்பினர் ஒற்றுக்காரர் மட்டும்தான்.

டாக்டர் கிளம்பிவிடுவார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்கெனவே போன் வந்திருந்தது. ஒற்றுக்காரர் தாளை வாங்கினார். 'மேற்படி குடியிருப்பாளர் இவ்வீட்டைக் காலி செய்து செல்வதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை' என்று இருந்தது. மேற்படி என்ற இடத்தில் அவர் மனைவி.

"ஒற்றெல்லாம் சரியா இருக்கா?" என்று நாற்காலியிலிருந்து கேட்டார் மனைவி.

அவர் மறுபடி படித்தார். "இருக்கு."

"அப்புறம் என்ன, போடுங்க."

போட்டார்.

ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தார்கள். கால் குச்சியாக இளைத்துப் போயிருந்தது. டாக்டர் முட்டியை மடக்கப் பார்த்தார். கொஞ்சம்தான் மடங்கியது. மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். "ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்க?" என்று டாக்டர் கேட்டதற்கு ஒற்றுக்காரர் இடைவெளியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். டாக்டர் பாதியிலேயே அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். தினமும் பயிற்சிக்கு வர வேண்டும். படி ஏறவே கூடாது. விடாமல் செய்தால் ஒருவேளை கிளட்ச் மிதிக்கலாம் என்பது முடிவு. அந்த 'ஒருவேளை'யை மனைவி வழி நெடுக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தங்கை வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில், தரைத்தளத்தில். "இங்கயே இருந்துடு அக்கா. மாமாவும் வந்துடட்டும்" என்றாள் தங்கை. மனைவியின் துணிமணியை எடுத்துவர ஒற்றுக்காரர் வீட்டுக்குத் திரும்பினார். கேட்டில் விசாரித்தபோது, மனைவி காலி செய்துவிட்டதாகப் பதிவாகிவிட்டது என்றும், மறுபடி வருவதானால் புதிய குடித்தனக்காரராக நேர்காணலுக்கு வர வேண்டும் என்றும், இங்கே குடியிருக்கும், உறவினர் அல்லாத ஒருவர் அவர் நடத்தைக்குச் சான்று தர வேண்டும் என்றும் சொன்னார்கள். "நான் புருஷன்" என்றார். "அதனாலதான் நீங்க தர முடியாது" என்றார் சட்ட ஆலோசகர், வருத்தத்தோடு.

அந்த வாரமே அவர் ராஜினாமாவை எழுதினார். ஒரே வரி. அடுத்த வாரம் பெட்டியைக் கட்டிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்விடுவதாக எண்ணம்.

தலைவர் ராஜினாமாவைப் படித்துவிட்டு நெகிழ்ந்து போனார். "இவ்வளவு பிழையில்லாத ராஜினாமாவை இந்தச் சங்கம் பார்த்ததில்ல. இப்படிப்பட்ட ஆளை விடறதா?"

"என்னை விட்டுடுங்க" என்றார் ஒற்றுக்காரர். "எனக்கு லிப்டும் வேணாம், இடைவெளியும் வேணாம். வீட்டைப் பூட்டிட்டு அவகிட்டப் போறேன்."

"போகலாம்" என்றார் சட்ட ஆலோசகர். "ஏத்துக்கற வரைக்கும் நீங்க குழு உறுப்பினர். உறுப்பினர் கட்டடத்துலதான் குடியிருக்கணும், அது விதி. ஏத்துக்கறதுக்குக் கூட்டம் நடக்கணும். நாலு பேர் இருந்தாத்தான் கூட்டம். நீங்க வரலைன்னா மூணு பேரு, கூட்டம் இல்ல."

"இப்பத்தான் வந்திருக்கேனே. நாலு பேர் இருக்கோமே."

"இருக்கோம். நீங்க உறுப்பினரா உக்காந்திருக்கறதாலதான் நாலு. விலகின ஆள் எப்படி உறுப்பினரா உக்காந்திருக்க முடியும்? உக்காந்திருக்கீங்கன்னா விலகலைன்னு அர்த்தம்."

ஒற்றுக்காரர் எழுந்து நின்றார். "கூட்டம் கலைஞ்சது" என்று எழுதிக்கொண்டார் செயலாளர். அவர் மறுபடி உட்கார்ந்தார். "கூட்டம் தொடர்ந்தது" என்று எழுதிக்கொண்டார். பிறகு தலைவர், ஒற்றுக்காரரின் குடும்பத்தில் ஏற்பட்ட பிரிவுக்குச் சங்கம் வருந்துவதாக ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். திருத்தித் தரும்படி தாளை அவரிடமே நீட்டினார்கள். ஓர் இடத்தில் 'த்' விட்டுப்போயிருந்தது. அவர் போட்டுக் கொடுத்தார்.

இப்படிக் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போயிற்று. ஒருநாள் மாலை அவர் படியேறிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மனைவி. குரலில் பழைய துள்ளல் இருந்தது.

"ஏங்க, இன்னைக்கு முட்டி பாதிக்கு மேல மடங்கிடுச்சு. டாக்டரே கை தட்டினார். தங்கச்சி வண்டியில உக்காந்து கிளட்ச்சை மிதிச்சுப் பார்த்தேன். வலிக்குது, ஆனா போகுது. எனக்கு உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்னு இருந்துச்சு."

"அப்படியா" என்றார். சந்தோஷத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தனியா இருக்கவே பிடிக்கலைங்க. நீங்க எப்ப வர்றீங்க?"

'இதோ இப்பவே வரேன்' என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். சத்தியமாக அதைத்தான் சொல்ல நினைத்தார்.

"பரிசீலனையில இருக்கு" என்றது அவர் வாய். "அடுத்த கூட்டத்துல வெச்சுட்டு ஆவன செய்யறேன்."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு சத்தம். அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக் கேட்டார். மனைவி சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. பிறகு, "சரிங்க சார்" என்றார் மனைவி, யாரோ ஓர் அதிகாரியிடம் சொல்வது போல. போனை வைத்துவிட்டார்.